ஏரோது ராசா குடிக்காத ஈரல் சூப்பு

...காலு வீங்குது, நெஞ்சு படபடங்குது, நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. எல்லாம் இந்த டாக்டரால வந்த வினை தம்பி. நீங்களும் குடல்புண்ணுக்குத்தான வந்திருக்கீக? கேட்டுக்கிடுங்க. போன ஐப்பசி, அறுவத்தொண்ணுல, இதே ஆஸ்பத்திரியிலதான் என் வயித்துப்பைய முக்காவாசி வெட்டி எடுத்தாக.

எடுத்ததும் நல்லதுக்குன்னுதான் நெனச்சேன். அப்பல்லாம் என்னையப் பாத்தா வாத்தியார்னு யாரும் சொல்ல மாட்டாக, அரிசி மண்டி மொதலாளிம்பாக. எங்க ஊருப் பாஸ்காவுல, அதான் ஆண்டவர் சிலுவையில பாடுபட்ட நாடகம், பதினோரு வருசமா எனக்கு ஏரோது ராசா வேசம். இம்புட்டு வயித்துக்கு வேற என்ன குடுப்பாக? ஆண்டவர் வேசம் எப்பவும் சவரிமுத்துக்குத்தான். ஒல்லிக்குச்சிப் பய. அறுவை முடிஞ்சு மூணே மாசம், எனக்கும் விலா எலும்பு தெரிஞ்சிருச்சு. கண்ணாடியில பாத்தேன், சந்தோசத்துல கண்ணு கலங்கிருச்சு. எங்க கோயில் சாமியாரே கூப்பிட்டு, ராயப்பராஜ், இந்த வருசம் சிலுவைய நீ தூக்குன்னுட்டாரு. சவரிமுத்துக்கு சீமோன் வேசம், சிலுவைக்குக் கைகுடுக்கிற ஆளு.

டாக்டர் சொல்லித்தான் அனுப்பிச்சாரு... சொல்லலன்னு சொல்லக் கூடாது. இனிமே சத்து ஒடம்புல ஒட்டாது, வாரம் ஒரு ஊசி, தெனம் ஈரலு, முட்டை, இல்லாட்டி ரத்தம் செத்து ஹார்ட்டப் பிடிக்கும்னாரு. ஊசி போட்டா பழையபடி ஊதிருவேனோன்னு எனக்குப் பயம். பேகம்பூர்ல கம்பவுண்டர் நூர் முகமது வாசல் வரைக்கும் சைக்கிள மிதிச்சிட்டு, அப்படியே திரும்பி வந்து வீட்டுல போட்டாச்சும்பேன். எம் பொஞ்சாதி ஆரோக்கியம்மாள் தெனம் ஈரல் சூப்பு வச்சு, ஒத்திகைக்குத் தூக்குச்சட்டியில குடுத்துவிடும். அதை... அதை சவரிமுத்துக்கு ஊத்திட்டேன் தம்பி. அவன் சதை போட்டுட்டா வேசம் திரும்ப அவங்கிட்டப் போகாதுல்ல? உங்களுக்கு எம்புட்டு நல்ல மனசுண்ணேன்னான். நாப்பது நாள் நோன்பு, தபசுக்காலம் வந்துச்சு, கறியே வேணாம்னுட்டேன். சீக்காளிக்கு விலக்கு உண்டுன்னு சாமியார் சொல்லியும் கேக்கல.

நாடகத்தன்னிக்கி, சிலுவையோட மொதத் தடவ விழணும். விழுந்தேன். எந்திரிக்க ஏலல. சேவகன் வேசக்காரன் சாட்டையால அடிக்கிறான், சனம் ஓன்னு அழுகுது. என்னமா நடிக்கிறாரு வாத்தியாருங்கிறாக. ஆரோக்கியம்மாள் மட்டும் மேடைக்கு ஓடியாந்துச்சு. சவரிமுத்து சிலுவைய அங்கிட்டுத் தள்ளிட்டு, என்னையத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனான். சூப்பு நல்லா வேலை செஞ்சிருக்கு.

ஹார்ட்டு பெருத்துப் போச்சாம். ஒடம்பு பூராம் எளைச்சு, அது ஒண்ணுதான் பெருத்திருக்கு. இப்ப தெனம் ஊசி போடுறாக. பொழச்சா பாக்கலாங்கிறாரு டாக்டர். பயமாத்தான் தம்பி இருக்கு.

அந்தா, தூக்குச்சட்டியோட சவரிமுத்து வாரான். செத்த மெதுவாப் பேசுங்க. அவந்தான் தெனம் எனக்கு ஊட்டி விடுறான். ஒரு வாய் நீயும் குடிடான்னாலும் கேக்க மாட்டான். அப்ப நீங்க பசியோட இருந்துக்கிட்டு எனக்குக் குடுத்தீகளேண்ணே, இது உங்களுக்குங்கிறான். எதுக்கு ஊத்துனேன்னு இன்னும் அவங்கிட்ட நான் சொல்லல. வயித்தக் கிழிச்சதுகூட இம்புட்டு வலிக்கல தம்பி.