மூன்றாம் எண்

கணினியைத் தொலைபேசியில் இணைக்கும் மோடம் கத்துவது எனக்குப் பழகிவிட்டது, இன்ஸ்பெக்டர். ரப்பர் தோட்ட அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். ஆர்தர் கிராணி என்றால் பீடோங் டவுன் வரைக்கும் தெரியும். போன வருடம், எண்பத்தெட்டில், கணினி வந்தது, அதையும் கற்றுக்கொண்டேன்.

கம்பெனியின் பெரிய கணினி பினாங்கில் இருக்கிறது. எட்டுத் தோட்டங்கள் தினமும் தொலைபேசி வழியாக அதை அழைத்து, அன்றைய ரப்பர் பால் எடையை அனுப்ப வேண்டும். அழைக்கும் தோட்டத்துக்கு அது ஒரு முகவரி எண் கொடுக்கும். இருப்பது நான்கே எண்கள். மழையில் யாருடைய இணைப்பாவது பாதியில் அறுந்தால் அந்த எண் சிக்கிக்கொள்ளும், அடுத்தவனுக்குக் கிடைக்காது. பரிகாரத்தை நானே கண்டுபிடித்தேன். துண்டித்துவிட்டு, பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி அழைக்க வேண்டும். அதை எழுதி ஜன்னல் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

என் மகள் ஜெனவீவ், பால்மரம் வெட்டும் முனியாண்டியோடு போய் இரண்டு வருடம் ஆகிறது. மாதா கோயிலில் முன்வரிசை பெஞ்சு எங்கள் குடும்பத்துக்கு. அதில் ஓர் இடம் காலியாகவே கிடந்தது. ஊர் பார்த்தது.

அன்று மதியம் இரண்டு மணிக்கு முனியாண்டி ஓடி வந்தான். தொழிலாளிகள் அலுவலகத்துக்குள் கால் வைப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பார்கள். அவனும் நின்றான்.

“ஐயா, ஜெனவீவுக்குப் பிரசவ வலி. ரத்தம் நிக்கல. தோட்டத்து ஜீப்பும் இல்ல. ஆம்புலன்ஸ் கூப்பிடணும், அஞ்சு நிமிசம்தான் லா.”

தோட்டத்துக்கு ஒரே தொலைபேசி இணைப்பு. அதை மோடம் பிடித்து வைத்திருந்தது.

“எண் இன்னும் கிடைக்கல. கம்பெனி வேலை நடக்குது.”

“கட் பண்ணிட்டு பத்து நிமிசம் கழிச்சுப் போடுங்க ஐயா. நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க?”

பால்மரம் வெட்டுகிறவன் என் எழுத்தைப் படித்து எனக்கே வேலை சொல்லிக்கொடுத்தான்.

தட்டச்சு செய்யும் பிரேமாவதி எழுந்தாள். “உங்க மகதானே, பெரிய கிராணி...”

“உக்காரு” என்றேன்.

அப்போதுதான் அவன், “மாமா” என்றான். அலுவலகம் முழுக்கக் கேட்டது.

“உன் மாமனைத் தொழிலாளிங்க லயத்துல போய்த் தேடு.”

ஆம்புலன்ஸைக் கூப்பிட மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பீடோங்குக்குப் போனான். ஆம்புலன்ஸ் வரும்போது நாலு மணி. அதற்குள் தாய்க்கும் பிள்ளைக்கும் அது தேவையற்றுப் போயிருந்தது.

பினாங்கு கணினியிலிருந்து நீங்கள் வாங்கி வந்த இணைப்பு நேரத் தாள் சரியானது. ஒன்று ஐம்பதுக்கே எங்களுக்கு மூன்றாம் எண் கிடைத்துவிட்டது. அவன் வருவதற்குள் எடை முழுவதும் போய்ச் சேர்ந்தாயிற்று. அதற்குப் பிறகு அந்த இணைப்பில் ஒரு வேலையும் இல்லை. மூன்றே முக்கால் வரை நான்தான் துண்டிக்காமல் வைத்திருந்தேன். கோபத்தில் அல்ல. நிதானமாகத்தான் இருந்தேன், பிரேமாவதியைக் கேளுங்கள்.

ஜெனவீவை எங்கள் குடும்பக் கல்லறை வரிசையில்தான் அடக்கம் செய்தோம். ‘ஆர்தர் மகள் ஜெனவீவ்’ என்று மட்டும் கல்லில் பொறிக்கச் சொல்லியிருக்கிறேன். என் மகள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள், இன்ஸ்பெக்டர். ஒரு தகப்பன் இதைவிட என்ன செய்ய முடியும்?