இரண்டாம் முறை ஏன் போனேன்

பொத்தானை அழுத்துகிறேன். ஒன்றும் விழவில்லை.

காலை ஏழு பதினான்கு. கீழே பனிமலை. முகட்டில் எதிரியின் மூன்று கூடாரங்கள். மறுபடி அழுத்துகிறேன். டிக். டிக். குண்டு விழுந்தால் விமானம் லேசாகித் துள்ளும். துள்ளவில்லை. மலை மூக்குக்கு நேரே வருகிறது. மேலே இழுக்கிறேன். முகமூடிக்குள் என் மூச்சு மாவு மில் போல ஓடுகிறது.

அப்போதுதான் பார்த்தேன். ஆயுதங்களுக்கான மெயின் சுவிட்சை நான் போடவே இல்லை. பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கை. பயத்தில் மறந்துவிட்டது.

எதையும் நம்பாத ஆள் நான். அன்று கூடாரங்களை நம்பவில்லை. அடுப்புப் புகை இல்லை, ஏமாற்று வேலையோ என்று நினைத்தேன். எரிபொருள் முள்ளை நம்பவில்லை. இரண்டு முறை தட்டினேன். நம்பியது என் கையை மட்டும்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரே இலக்குக்கு இரண்டாம் முறை போகக் கூடாது. முதல் முறை தூங்கிக் கிடந்தவன் அடுத்த முறை தோளில் ஏவுகணையோடு நிற்பான். குண்டோடு திரும்பியிருக்கலாம். திரும்பினால் சிரிப்பார்கள். முகாமையே கிண்டல் செய்தவன் நான். என்னை நாலு பேர் கிண்டல் செய்வதை நினைக்க முடியவில்லை. மறுபடி பாய்ந்தேன். தீர்த்தமலைக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். அப்போதே பாதித் தலை வழுக்கை. சாமிக்கே சந்தேகம் வந்திருக்கும்.

பின்னால் இன்னொரு விமானத்தில் அந்தோணி. என் ஜோடி விமானி. அரூர்ப் பக்கத்துக்காரன். ஒரே மாவட்டம் என்று எங்களைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அவன் குண்டுகள் முதல் முறையே விழுந்துவிட்டன. போயிருக்கலாம். ஏன் என்று கேட்காமல் எனக்குக் காவலாக வந்தான்.

ஏழு பதினேழு. சுவிட்சைப் போட்டேன். அழுத்தினேன். விமானம் துள்ளியது. ரேடியோவில் அவன் குரல்.

“லெப்ட்ல திரும்புடா! பின்னாடி வருது!”

திரும்பினேன். வெள்ளைப் புகைக்கோடு ஒன்று என்னைத் தாண்டிப் போனது. இரண்டாவது கோடு அவனிடம் போனது. ரேடியோவில் ‘டப்’ என்றது. சின்னச் சத்தம். பிறகு வெறும் இரைச்சல். பாராசூட் விரிகிறதா என்று ஒரு சுற்று சுற்றினேன். விரியவில்லை.

தரையில் அதிகாரி கேட்டார், ஏன் இரண்டாம் முறை என்று. மேகம் மறைத்தது என்றேன். எழுதிக்கொண்டார். அந்தப் பொய் தாளுக்குத் தாள் ஏறி, வீரம் என்று பேர் மாறி, பதக்கமாக என் சட்டையில் வந்து தொங்கியது. போர் முடியும்வரை பறந்தேன். சுவிட்சைப் போட்ட பிறகும், போட்டேனா என்று தடவித் தடவிப் பார்ப்பேன்.

போன ஞாயிறு. அதியமான்கோட்டை, என் வீடு. பூசை முடித்து நேராக ஸ்டெல்லா வந்தாள். அந்தோணியின் மனைவி. அவன் படித்த பள்ளியில் அவன் படத்தைத் திறக்கிறார்கள். நான் பேசுவதாக ஏற்பாடு. அதற்கு நன்றி சொல்ல வந்த முகமாகத் தெரியவில்லை. காபியைத் தொடவில்லை. ரோட்டில் லாரிச் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

“ஒரு எடத்துக்கு ரெண்டாவது வாட்டி போவவே மாட்டோம், பயப்படாதன்னு அவுரு லெட்டர் போட்டிருந்தாருண்ணா. அப்புறம் எதுக்குப் போனீங்க?”

மேகம், என்றேன்.

“இருவத்தஞ்சு வருசமா அதையேதான் சொல்றீங்க. சிரிக்காம நீங்க சொல்ற ஒரே பேச்சு அதாண்ணா.”

ஏவுகணைக்குத் தப்பியவன் அந்தப் பேச்சுக்குத் தப்பவில்லை. சுவிட்சைச் சொன்னேன். கிண்டலுக்குப் பயந்ததையும் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்தாள்.

“இதை மேடையில சொல்லுங்க. சொல்ல முடியாட்டி வராதீங்க.”

நேற்றுப் போனேன். சொன்னேன். எவரும் கை தட்டவில்லை. ஸ்டெல்லா முன்வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

போனவை இவை. ஒரு விமானம். அந்தோணி, வயது இருபத்தெட்டு. கூடாரங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எண்ணிச் சொல்ல யாரும் வரவில்லை. புருஷன் ஏன் செத்தான் என்று தெரியாமல் ஒருத்திக்கு இருபத்தைந்து வருடம். விமானத்தையும் அவனையும் எடுத்தது ஏவுகணை. அந்த வருடங்களை எடுத்தது நான்.