டெத் வேலிக்குப் போறோம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் ஏறிய ஸ்ரீரங்கம் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது அந்த அம்மாள் சொன்னார்:

“பெத்த தாய்கிட்ட, ‘டெத் வேலிக்குப் போறோம்மா’ன்னு சொல்றான் உங்க புள்ள.”

“அது அமெரிக்காவுல ஒரு நேஷனல் பார்க். வெறும் பாலைவனம். பேருதான் அப்படி.”

“வெறும் பாலைவனத்துல என்னத்தைப் பார்க்கறதுக்கு? கைக்குழந்தையைக் கார்ல வச்சுக்கிட்டு, இது மாதிரி நாலு பாலைவனமாம். வழியில டவர்கூட கிடைக்காதாம்.”

“தண்ணி, டயர், எல்லாம் பிளான் பண்ணித்தான் வச்சிருக்கான்.”

“எல்லாம் பண்ணான். ‘போயிட்டு வரோம்’னு சொல்லலையே, ‘போறோம்’னுல்ல சொன்னான்! திரும்பக் கூப்பிட்டு, ஒழுங்கா சொல்லுடான்னேன். சிரிக்கிறான்.”

“சிரிக்காம என்ன பண்ணுவான்? ஒரு வார்த்தையில என்ன இருக்கு?”

மாம்பழச்சாலை வந்தது. கணவர் மட்டும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“சரி, நான் போறேன்.”

அந்த அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். படிவரை போனவர் நின்றார். கண்டக்டர் விசில் ஊதினார். நின்றிருந்தவர்களை விலக்கிக்கொண்டு அவர் சீட்டுவரை திரும்பி வந்தார்.

“போயிட்டு வரேன்.”