கல்நாருக்கு எம் நெஞ்சு களஞ்சியமல்ல

தலை நரைத்தும் தளராமல் இந்த அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் விமானப் பழுதுகூடச் சங்கத் தலைவர், மூத்த அண்ணன் ஒரின்பாய் அகா அவர்களே, புல்வெளிக் காற்றில் புடம் போட்ட வெண்தாடிப் பெரியோர்களே, பிள்ளைக்குப் பாலும் பேச்சுக்குச் சூடும் குறைவறத் தந்த தாய்மார்களே, எஞ்சினின் இருமலை எட்டி நின்றே இனம் காணும் எஞ்சின் பிரிவுத் தோழர்களே, என்னோடு மண்டியிட்டுச் சக்கரம் கழற்றும் பிரேக் பிரிவுச் சகோதர சகோதரிகளே, முன்வரிசையில் தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நான் என்ன பேசப் போகிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும், எங்களுக்கெல்லாம் மூத்த அக்காவான நூர்ஜமால் அபாய் அவர்களே, உங்கள் அனைவரையும் பிரேக் பிரிவு மாரியாஷ் வணங்குகிறேன்.

சுருக்கமாகப் பேசு என்றார் தலைவர். நெஞ்சு சுருங்கியவர்களின் கதையை எப்படிச் சுருக்குவது, அகா?

முடியாத காரியத்தைக் கல்லில் நார் உரிப்பது என்போம். நம் மண்ணில் அது முடிந்த காரியம். இங்கே மலையைப் பிளந்தால் பஞ்சு வருகிறது, ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார். தீயில் இட்டால் அது கருகாது. நீரில் இட்டால் கரையாது. இழுத்தால் எளிதில் அறாது. அதனாலேயே பறக்கும் ஊர்திக்கு அது பட்டாடை ஆயிற்று. பழைய எஞ்சினுக்குப் போர்வை எது? கல்நார். கொதிக்கும் இரும்பைப் பிடிக்கும் கையுறை எது? கல்நார். பாய்ந்து இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் கட்டை எது? அதுவும் கல்நார். நான் கேட்கிறேன். தீயில் கருகாதது, நீரில் கரையாதது, என் நுரையீரலில் மட்டும் கரைந்து காணாமல் போய்விடுமா?

போகாது, பெரியோர்களே. அது கண்ணுக்குத் தெரியாத ஊசி. இன்று மூச்சோடு ஏறும். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு வாய் திறக்காது. நாம் கல்யாணம் செய்வோம், பிள்ளை வளர்ப்போம், பேரனுக்குப் பெயர் வைப்போம். அதுவரை அமைதியாக இருந்துவிட்டு, ஒருநாள் எழுந்து, இந்த வீடு என்னுடையது என்று சொல்லும்.

அது யார் வீட்டில் எழுந்தது தெரியுமா? கைரொல்லா அகாவின் வீட்டில்.

கைரொல்லா அகாவை அறியாதவர் இங்கே யார்? வயல்களுக்கு மருந்து தெளிக்கும் அந்தப் பழைய இரட்டை இறக்கை விமானங்களின் சக்கரமெல்லாம் அவர் கை பட்டே ஓடின. பிரேக்கைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் தூசி அடைந்திருக்கும். காற்றுக் குழாயைத் திருப்பி ஒரு ஊது ஊதுவோம். பனி பெய்வதுபோல் பெய்யும். அந்தப் பனியில் நின்றுகொண்டு நாங்கள் சிரித்தோம்.

"அகா, நீங்க மாவு மில்லுலயா வேலை பாக்குறீங்க?" என்பேன்.

"ஆமா, அரைச்சு எடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். எங்க வீட்டம்மா ரொட்டி சுடுவா," என்பார்.

அதே உடையோடு வீட்டுக்குப் போவார். வாசலில் நின்று அவர் மனைவி நூர்ஜமால் அபாய் அந்த உடையை வாங்கி, உதறு உதறென்று உதறி, சுவரில் அடித்துத் தட்டி, பிறகு துவைப்பார். புருஷன் அழுக்கோடு வேலைக்குப் போவதா என்று ஒரு வீம்பு. தெருவில் கைரொல்லாவின் உடைபோல் வெளுத்த உடை வேறு எவருக்கும் கிடையாது.

போன இலையுதிர் காலத்தில் அபாய்க்கு விலாவில் வலி கண்டது. ஒரு மாடி ஏறினால் மூச்சு முட்டியது. ஊர் மருத்துவமனையில் வயதாகிவிட்டது என்றார்கள். பிறகு அடுப்புப் புகை என்றார்கள். நெஞ்சில் கோத்த நீரை எடுத்தார்கள், அது மறுபடி கோத்துக்கொண்டது. கடைசியில் தலைநகரில் ரௌசா என்ற மருத்துவரிடம் போனார்கள். அவர் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்.

"அம்மா, நீங்க எங்க வேலை பாத்தீங்க?"

"வீட்டுலதான் டாக்டர்."

"வீட்டுக்காரர்?"

"விமானத்துக்கு பிரேக் மாத்துறாரு."

"அவர் துணியை யார் துவைச்சது?"

"நல்லா கேட்டீங்க போங்க. வேற யாரு துவைப்பா? மந்திரியா வந்து துவைச்சுக் குடுப்பாரு?"

மருத்துவர் சிரிக்கவில்லை. சதை எடுத்துச் சோதித்தார்கள். நுரையீரலைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் புற்று. கல்நார்த் தூசி பட்டவர்களுக்கே பெரும்பாலும் வரும் புற்று. அதுவரை இந்தப் பழுதுகூடத்துக்குள் ஒருநாளும் கால் வைக்காத பெண்ணின் நெஞ்சுக்குள் இந்தக் கூடம் கால் வைத்திருந்தது.

ஊர் திரும்பியதும் கைரொல்லா அகா என்னிடம் சொன்னார். "மாரியாஷ், நான் சம்பாதிச்சு வீட்டுக்குக் கொண்டுபோனதுல இதுவும் இருந்திருக்கு."

இதற்கு யாரிடம் பதில் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் பழுதுகூடத்து இயக்குநர் சகிந்திக்கிடம் போனோம். நோயை வேலையால் வந்த நோயென்று ஒப்புக்கொள்ளுங்கள், தூசியை ஊதுவதை நிறுத்துங்கள் என்று கேட்டோம். அவர் என்ன சொன்னார்?

"அந்தம்மா நம்ம ஆளே இல்லையே. ஒருநாளாவது இந்தக் கேட்டைத் தாண்டி உள்ள வந்திருக்காங்களா? அப்புறம், அது நம்ம நாட்டுக் கல்லுப்பா. நம்ம மண்ணை நாமளே பழிக்கலாமா? தின்னாலும் செரிச்சுப் போயிரும். வேணும்னா உங்களுக்குப் பாலைக் கூட்டித் தரச் சொல்றேன்."

பால். ஆபத்தான வேலைக்கு ஆளுக்குக் கொஞ்சம் பால். இது நம் அப்பன் காலத்து வைத்தியம். நாம் என்ன கன்றுக்குட்டிகளா, பாலைக் காட்டினால் பின்னால் ஓடுவதற்கு? மூச்சு போகும் வழி ஒன்று, பால் போகும் வழி வேறொன்று. நெஞ்சில் குத்திய ஊசியை வயிற்றில் ஊற்றிய பால் எப்படிப் பிடுங்கும்?

என்ன சொல்கிறீர்கள் பின்னால்? அந்தப் பாலிலும் பாதி தண்ணீரா? சரிதான் தம்பி. தண்ணீரைத் தூசியில் ஊற்றுங்கள் என்றால் பாலில் ஊற்றுகிறார்கள்.

இயக்குநர் சொன்னதை நூர்ஜமால் அபாயிடம் போய்ச் சொன்னோம். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"கேட்டைத் தாண்டி நான் வந்ததே இல்லையாமா? அப்பச் சரி, வந்துட்டாப் போச்சு. கைரொல்லா, மாவு எடு."

வந்தார், தாய்மார்களே. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கி வந்தார். எங்கள் மேசையை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி, மேலே விரிப்பை விரித்தார். ரொட்டி வைத்தார், வெண்ணெய் வைத்தார், சுடச்சுடப் பொரித்த பௌர்சாக் மாவு உருண்டைகளைக் குவித்தார், பால் விட்ட தேநீர் ஊற்றினார். பக்கத்தில், அன்று கழற்றிய பிரேக் ஒன்று தூசியோடு அப்படியே இருந்தது. பிறகு இயக்குநரை விருந்துக்கு அழைத்துவரச் சொன்னார். பெரியவள் ஒருத்தி நோயோடு வந்து ரொட்டி வைத்து அழைக்கும்போது எவன் மறுப்பான்? ஒரு துண்டாவது வாயில் வைக்காமல் எழுந்தால் நம் பக்கத்தில் அவனை மனிதன் என்பார்களா? சகிந்திக் வந்து உட்கார்ந்தார்.

"சாப்பிடு தம்பி," என்றார் அபாய். "நான் உங்க ஆளு இல்லைன்னு சொன்னியாமே, அது நெசந்தான். அதான் விருந்து வெக்க வந்தேன். கைரொல்லா, நீ உன் வேலையப் பாரு. ஊதிவிடு."

கைரொல்லா அகா காற்றுக் குழாயை எடுத்தார். அதன் வாயைப் பிரேக் பக்கம் திருப்பினார்.

இயக்குநரின் கையில் ரொட்டி இருந்தது. அந்தக் கையை அவர் மார்போடு அணைத்துக்கொண்டார். மறு கையால் தேநீர்க் கிண்ணத்தை மூடினார்.

"ஊதாதீங்க. கொஞ்சம் நிறுத்துங்க."

"ஏன் தம்பி? நம்ம நாட்டுக் கல்லுதானே. தின்னாலும் செரிக்கும்னியே."

சகிந்திக் தலை குனிந்து மெதுவாகச் சொன்னார். "அபாய், நான் புள்ளகுட்டிக்காரன்."

"நானும்தான்," என்றார் நூர்ஜமால் அபாய்.

தோழர்களே, எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை மனு கொடுத்தோம். அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகுமா? குழாய் திறக்கவேயில்லை. திறக்காத குழாய்க்கு முன்னால் ஒரு நிர்வாகம் வாய் திறந்துவிட்டது. தெரியாது என்று இனி எவன் சொல்வான்? தெரிந்ததனாலேதான் கிண்ணத்தை மூடினார்.

அந்த மாதமே எங்கள் மேசையிலிருந்து காற்றுக் குழாய் போயிற்று. தூசியை உறிஞ்சும் இயந்திரம் வந்தது. நனைத்துத் துடைக்கிறோம். வேலை உடையைக் கூடத்திலேயே கழற்றுகிறோம், கூடத்திலேயே அது துவைக்கப்படுகிறது. எங்கள் பிள்ளைகள் இனி எங்களைச் சுத்தமாகக் கட்டிக்கொள்ளலாம்.

வென்றுவிட்டோமா? இல்லை. எஞ்சின் பிரிவில் பழைய கல்நார்ப் போர்வையை இன்னும் காய்ந்தபடியே கிழிக்கிறார்கள். நோயை ஆராய்ந்த குழுவோ, அபாய்க்கு வந்தது வீட்டு நோய் என்று எழுதிவிட்டது. வீட்டு நோயாம். வீட்டில் என்ன விமானமா இறங்கிற்று? அவர் துவைத்த உடை எந்தக் கூடத்து உடை? அந்த உடையை வீட்டுக்கு அனுப்பியது யார்? புருஷன் உழைப்பை வாங்கிக்கொண்டீர்கள், மனைவியின் மூச்சை யார் கணக்கில் எழுதுவீர்கள்?

சிகரெட் பிடிக்கும் தம்பிகளே, நீங்களும் கேளுங்கள். புகையும் இந்தத் தூசியும் கூட்டுச் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டல்ல. அது பன்மடங்கு. நிர்வாகத்தோடு நான் சண்டை போடுகிறேன். சிகரெட்டோடு நீங்கள் போடுங்கள்.

கல்லில் நார் உரித்த கெட்டிக்காரர்களுக்குச் சொல்கிறோம். உங்கள் கல் உங்களோடு இருக்கட்டும், உங்கள் நார் உங்களோடு இருக்கட்டும். எங்கள் நெஞ்சு உங்கள் களஞ்சியமல்ல. எங்கள் வாசல் உங்கள் குப்பைமேடல்ல. எங்கள் பெண்கள் உங்கள் தூசி தட்டும் துடைப்பமல்ல.

ஆகவே இந்த அவை முன் ஒரு தீர்மானம் வைக்கிறேன். நனைக்காத போர்வையை நாளை முதல் எந்தப் பிரிவும் கிழிக்காது. நூர்ஜமால் அபாயின் நோயைக் கூடத்தின் நோயென்று ஒப்புக்கொள்ளும்வரை நாங்கள் பிரேக் மேசையைத் தொடமாட்டோம். வேலை போகும் என்பார்கள். போகட்டும். மூச்சு போன பின் வேலையை வைத்து என்ன செய்வது? சம்மதம் உள்ளவர்கள் எழுந்து நில்லுங்கள்.

எஞ்சின் பிரிவு எழுகிறது. தாய்மார்கள் எழுகிறார்கள். தலைவரே, நீங்களுமா, நல்லது. அபாய், நீங்கள் வேண்டாம், உட்காருங்கள். என்ன சொல்கிறீர்கள்? கொஞ்சம் அமைதி, அவர் குரல் மெதுவாகத்தான் வரும்.

"எனக்காக நீங்க எல்லாரும் நிக்கிறப்ப, நான் உக்காந்திருக்கவா வந்தேன்? விடு மாரியாஷ்."

சரி, விடுகிறேன். கைரொல்லா அகா, தோள் கொடுங்கள். அவர் நிற்கட்டும்.

மேடை ஏறுகிறவர்கள் மூச்சு உள்ளவரை பேசுவேன் என்பார்கள். நான் மூச்சுக்காகவே பேசினேன். செவி கொடுத்த பெரியோர்க்கும், எழுந்து நின்ற கால்களுக்கும் என் நன்றி. நெஞ்சு நிறைய மூச்சு விடுங்கள். வணக்கம்.