ஆன்டெனா அண்ணனின் சனிக்கிழமை

தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் கார்மேகம் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, கடையை அடைத்துவிட்டும் டியூட்டியை மாற்றிக்கொண்டும் இந்தக் குதைபியா மண்டபத்துக்கு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கை ஜெயமணி, மகள் ராதிகா, உங்கள் அனைவருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

நான் கீழக்கரை சதக்கத்துல்லா. அல் கோபாரில், மறைந்த ஏ.சி. மெக்கானிக் அம்மையப்பன் வேலை செய்த கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தொழிலாளர் கேம்பில் அவருக்குப் பக்கத்துக் கட்டில் என்னுடையது.

எனக்கு முன் பேசிய மூவரும் ஒரே சொல்லைச் சொன்னீர்கள். "விடுமுறை நாளிலும் உழைத்த உத்தமர்" என்றீர்கள். எங்கள் கம்பெனி அனுப்பிய அனுதாபச் செய்தியிலும் அதுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை, கேம்ப் முழுக்கப் பிரியாணி தின்றுவிட்டுப் படுத்துக் கிடந்த நேரத்தில், மொட்டை மாடியில் கொதிக்கிற வெயிலில் ஏ.சி. பெட்டிக்குப் பக்கத்தில் மாரடைப்பில் விழுந்து செத்தவரை வேறு எப்படிப் புகழ்வது?

மன்னியுங்கள் தலைவரே, அது பொய்! அம்மையப்பனுக்கு உழைப்பின் மேல் அப்படி ஒன்றும் காதல் கிடையாது. வேலை நேரம் முடிந்தால் ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிட்டு முதல் ஆளாக பஸ்ஸில் ஏறுகிற மனிதர் அவர். அவர் வெள்ளிக்கிழமை வேலை பார்த்தது ஒரு கரடிக்காக. டிவியில் ரயில் ஓட்டுகிற ஒரு குண்டுக் கரடிக்காக. சிரிக்காதீர்கள். சிரிக்கிற விஷயமாக இருந்தால் நான் பாலம் கடந்து வந்திருக்க மாட்டேன்.

அம்மையப்பன் கோபாரில். அவர் மனைவி, தங்கை ஜெயமணி, இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ், மகள் ராதிகாவோடு ஈசா டவுனில். நடுவே கடலும் நாட்டு எல்லையும், அதன்மேல் ஒரே ஒரு பாலம். காரில் வந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் பாஸ்போர்ட் யாரிடம் இருந்தது? கம்பெனியிடம். வெளியே போய்த் திரும்பி வர கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கையெழுத்துப் போட வேண்டும். ரெண்டு பெருநாளுக்கும் விடுவார்கள். மற்ற நாளில் கேட்டால், "இப்ப என்ன அவசரம்?" என்பார்கள். அம்மையப்பன் செத்ததற்கு நான் வர வேண்டும் என்றேன், அன்றைக்கே கையெழுத்து ஆயிற்று. உயிரோடு இருந்த அப்பனுக்குக் கிடைக்காத கையெழுத்து, அவன் இரங்கல் கூட்டத்துக்கு வருகிறவனுக்குக் கிடைக்கிறது! இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

கையெழுத்துக் கேட்காமல் பாலத்தைத் தாண்டியது ஒன்றுதான். டிவி அலை. இந்தக் கரையில் ஒளிபரப்பாகும் சேனல் அந்தக் கரையில் சாதாரண ஆன்டெனாவுக்கே கிடைக்கும். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதில் குழந்தைகளுக்குக் கார்ட்டூன். ரெண்டு மணி நேரம் ஓடும். அம்மையப்பன் எட்டரைக்கே மாடிக்கு ஏறிவிடுவார். அவர் ஆன்டெனாவைத் திருப்ப, நாங்கள் கீழே நின்று, "வந்துருச்சுண்ணே! அய்யோ, போயிருச்சு! லேசா மக்கா பக்கம் திருப்புங்க!" என்று கத்துவோம். அவருக்கு கேம்பில் கிடைத்த பட்டம்தான் ஆன்டெனா அண்ணன். இந்த மேடையில் யாரும் அதைச் சொல்லவில்லை. மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பீர்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் மகள், ஒரே நேரத்தில் ஒரே படம். கரடி வழுக்கி விழுந்தால் அவர் ஈசா டவுனுக்கு ஒரு மிஸ்டு கால் விடுவார். அங்கிருந்து ஒரு மிஸ்டு கால் திரும்பி வரும். அதற்கு அர்த்தம், நானும் சிரித்தேன் என்பது. படம் முடிந்ததும் போன் கார்டு போட்டுப் பேசுவார். "பாத்தியாடா? கரடி எப்படி விழுந்துச்சு!" என்பார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பேசி வளரும் பிள்ளையிடம், வருடத்துக்கு ரெண்டு தடவை பார்க்கிற அப்பன் வேறு என்ன பேசுவான்? "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டால் "ம்" என்று முடிந்துவிடும். கரடி இருந்ததால்தான் பேச்சு இருந்தது.

பிறகு 2006 வந்தது. இந்தக் கரையில் வார விடுமுறை மாறி, சனிக்கிழமை லீவு நாள் ஆனது. கார்ட்டூனையும் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். எங்கள் கரையில் மாறவில்லை. எங்களுக்கு வெள்ளிதான் லீவு, சனி டியூட்டி. மகளுக்கு லீவு உள்ள நாளில் அப்பனுக்கு சைட்!

அம்மையப்பன் கேம்ப் பாஸிடம் போய் நின்றார். அந்த பாஸ் பம்பாய்க்காரன். "பாய், ஃப்ரைடே மை காம் கரேகா. சாட்டர்டே சுட்டி தேதோ" என்று, வெள்ளிக்கு வேலை பார்க்கிறேன், சனிக்கு லீவு கொடு என்று, தனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சினார். அவனுக்கென்ன நஷ்டம்? வெள்ளிக்கிழமை வேலைக்கு ஆள் கிடைக்காமல் அலைகிறவன் அவன். "அச்சா" என்றான். அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் நீங்கள் புகழ்ந்தீர்களே, அந்த விடுமுறை நாள் உழைப்பு!

அந்தச் சனிக்கிழமையாவது நிலைத்ததா? ரெண்டு மணி நேரம் ஒரு மணி நேரமானது. பிறகு அரை மணி. ஏன் நிலைக்கும்? பார்க்க யார் இருந்தார்கள்? வீட்டுக்கு வீடு டிஷ் வந்துவிட்டதே! இருபத்து நாலு மணி நேரமும் கார்ட்டூன். எந்நேரமும் வருகிற ஒன்றுக்காக எந்தப் பிள்ளை லீவு நாளில் எழுந்து காத்திருக்கும்? தலைவர் கார்மேகம் அவர்களே, சங்க உறுப்பினர்களுக்கு உங்கள் டிஷ் கடையில் சலுகை கொடுத்தீர்கள், மூன்று கார்ட்டூன் சேனல் இலவசம் என்று. நல்ல மனதோடுதான் கொடுத்தீர்கள். ஈசா டவுன் வீட்டுக்கும் அது வந்தது. கேம்பில் எங்கள் அறைக்கு வரவில்லை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு டிவியைப் போட்டோம். கரடி இல்லை. தொப்பையைக் குறைக்கும் பெல்ட் ஒன்றை ஒருவன் இடுப்பில் கட்டிக்கொண்டு அரபியில் கத்திக்கொண்டிருந்தான். ஒரு அறிவிப்பு இல்லை, ஒரு வருத்தம் இல்லை. ஒரு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகச் சிரித்த நிகழ்ச்சியை ஒரு பெல்ட்டுக்கு விற்றுவிட்டார்கள். அதற்கு யார் இரங்கல் கூட்டம் போட்டார்கள்?

அம்மையப்பன் மாடிக்கு ஓடினார், வேறு ஏதாவது சேனல் குறுக்கே வந்துவிட்டதோ என்று. ஆன்டெனாவைத் திருப்பாத பக்கம் இல்லை. இறங்கி வந்து பெல்ட்காரனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து ஒரு மிஸ்டு கால் விட்டார். பழக்கம்தான். உடனே ஈசா டவுனிலிருந்து ஒரு மிஸ்டு கால் திரும்பி வந்தது.

கார்டு போட்டுப் பேசினார். "பாத்தியாடா?"

"பாத்தேன்ப்பா. சூப்பர்."

போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அது டிஷ்ல வேற எதையோ பாத்துக்கிட்டு இருக்கு, பாய். எனக்காகச் சொல்லுது. சொல்லிட்டுப் போவட்டும்" என்றார். சொல்லிவிட்டு, "இன்னைக்குக் கரடி கடல்ல ரயில் விட்டுச்சு பாத்தியா?" என்று ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் இல்லாத கார்ட்டூனை அவரே சொன்னார். வெள்ளி முழுக்க வேலை, சனி காலை கதை. கரடி கடலோரம் தண்டவாளம் போட்டது. கரடிக்கு ஒரு கஃபீல் வந்தான். கரடியின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். கடைசி வாரம், கரடியின் ரயில் பாலத்தின் நடுவில் செக்போஸ்ட்டில் வந்து நின்றது. ஆபீசர் பாஸ்போர்ட் கேட்டார். அத்தோடு கார்டில் காசு தீர்ந்தது. "மிச்சம் அடுத்த வாரம்" என்றார், அது மகளுக்குக் கேட்டதோ இல்லையோ. அடுத்த வெள்ளிக்கிழமை மாடியில் விழுந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அவருக்கு உரிய லீவு. டிவியில் ஒன்றுமே இல்லாத ஒரு சனிக்கிழமைக்காக அதைக் கொடுத்தார். இதைத்தான் கம்பெனி கடமை உணர்வு என்கிறது.

தலைவர் அவர்களே, அம்மையப்பன் பெயரில் இந்த மண்டபத்தில் பெரிய டிவி வைத்து, நூறு சேனல் கொடுக்கப் போவதாக அறிவித்தீர்கள். கடைசியில் என்னை உறுதிமொழி வாசிக்கச் சொன்னீர்கள், "அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம்" என்று. வாசிக்கலாம் என்றுதான் வந்தேன். கூட்டம் தொடங்கும் முன் வராண்டாவில் ராதிகா என்னிடம் வந்தது. சொல்லட்டுமா என்று அதனிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

"அங்கிள், கரடிக்கு பாஸ்போர்ட் கெடச்சுதா?" என்றது.

"அம்மா, அது டிவியில வந்த கதை இல்லையே" என்றேன்.

"ஐ நோ அங்கிள். டிவில அந்த பெல்ட் மேன்தான் வந்தான். எவ்ரி சாட்டர்டே நானும் அதத்தான் பாத்துட்டு இருந்தேன்."

மூன்று கார்ட்டூன் சேனல் உள்ள வீட்டில், அந்தப் பிள்ளை பெல்ட்காரனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! அப்பாவுக்குக் கிடைக்கும் சேனல் அது ஒன்றுதானே? "அப்புறம் ஏம்மா பாத்தேன், சூப்பர்னு சொன்னே?" என்று கேட்டேன்.

"இல்லன்னு சொன்னா அப்பா போன வச்சிருவாங்கல்ல?"

பெரியோர்களே, நான் ஐம்பது வயதுக்காரன். எத்தனையோ மௌத்துக்கு, எத்தனையோ சாவுக்குப் போய் நின்றவன். அந்த வராண்டாவில் நிற்க முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், "கவலப்படாதேம்மா. வர்ற சனிக்கெழம ஒம்பது மணிக்கு நான் கோபார்லேருந்து போன் பண்றேன். கரடிய நான் பாலம் தாண்ட வச்சிர்றேன்" என்றேன். அதுதான் என் உறுதிமொழி என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை, அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று பெரியவர்கள் பேசுவார்களே, அப்படி மெதுவாகச் சொன்னது.

"வேணாம் அங்கிள். நீங்க சொன்னா அது வேற சேனல்."

நான் அமர்கிறேன். உறுதிமொழியை வேறு யாராவது வாசியுங்கள்.