ஏழு பேர் வண்டிக்கு ஓர் ஆட்டுக்குட்டி

எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இப்போதும் எங்கள் கம்பளிக் கூடாரத்துக்குப் பின்னால், வறட்டிக் குவியலோடு ஒட்டிக்கொண்டு, வாயில் தொப்பியைத் திணித்தபடி குலுங்கிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் அப்பா கத்தி தீட்டுகிறார். முன்பக்கம் பெரியப்பா மகன் மெதேர் அண்ணன் கம்பெனிக்காரரின் ஜீப்பைத் துடைக்கிறான். விடிந்ததும் அண்ணனும் கம்பெனிக்காரரும் ஆற்றைத் தாண்டிப் போய், துவா ஓத எங்கள் முல்லாவான மோல்தோவைக் கூட்டி வருவார்கள். அவர் ஓதி முடித்ததும் கஷ்காவை அறுப்பார்கள்.

கஷ்கா என் குதிரை. நெற்றியில் வெள்ளைக் கோடு இருக்கும்.

யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும். நிதானமாகவே சொல்கிறேன்.

மற்ற குதிரைகளையெல்லாம் விற்றுத்தான் அப்பா புது ஜீப் வாங்கினார். வெள்ளைக்காரர்களை ஏரிக்கு ஏற்றிப்போவதற்கு. மூன்று வருட வாரண்டி. அது வந்த அன்று ஓர் ஆட்டுக்குட்டியை அறுத்து, சக்கரத்தில் ரத்தப் பொட்டு வைத்தோம். கறி முடிவதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "இனிமே கஷ்காவுக்கு எதுக்கும்மா தண்டப் புல்லு? ஞாயித்துக்கிழமை சந்தைக்கு ஓட்டிரலாம்."

வண்டி ஒரு தடவை நின்றால் போதும், அப்பாவுக்குக் குதிரையின் அருமை தெரியும் என்று நினைத்தேன். தப்பான எண்ணம் இல்லை. சேணத்துக்கு அடியில் போடும் கம்பளியில் ஒரு மூலையை வெட்டி, எஞ்சின் மூச்சு வாங்கும் குழாயில் திணித்தேன். மேட்டில் ஏறும்போது நிற்கும் என்று கணக்குப் போட்டேன். அது ஆற்றின் நடுவில் நின்றது. உள்ளே மெதேர் அண்ணனும் இரண்டு ஜெர்மன்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் கூரைமேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்தார்கள். அண்ணன் சாவியைத் திருகத் திருக எஞ்சின் தண்ணீரைக் குடித்தது.

வண்டியைக் கரைக்கு இழுத்தது யார் தெரியுமா? கஷ்காதான். கயிறு கட்டுகிற சாக்கில் நான் கம்பளியை உருவி எடுத்துக்கொண்டேன். "குதிரைதான்யா குதிரை!" என்று அப்பா அதன் கழுத்தைத் தட்டினார். அந்த ஒரு நிமிடம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லி முடியாது.

அப்புறம் தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து எர்கின் வந்தார், ஜீப் விற்ற கம்பெனியின் ஆள். அதே மாதிரி ஜீப்பில். மூடியைத் திறந்து பார்த்தார்.

"எஞ்சினுக்குள்ள தண்ணி. இது வாரண்டில வராது. உங்க டிரைவர் வண்டிக்கு நீச்சல் கத்துக்குடுத்திருக்கார்."

"முதல்ல எஞ்சின் நின்னுச்சு சார். அப்புறம்தான் தண்ணி ஏறுச்சு" என்றான் மெதேர் அண்ணன்.

"தண்ணி ஏறுனதாலதான் நின்னுது."

"வண்டிக்குள்ள உக்காந்திருந்தது நானு. நீங்க பிஷ்கேக்ல உக்காந்திருந்தீங்க."

"டேய், வாய மூடு" என்று அப்பா அவன் பிடரியில் ஒன்று போட்டார். "ஆறு எங்க ஆழம்னு என் கழுதைக்குத் தெரியும், உனக்குத் தெரியல."

"அப்ப கழுதைகிட்டயே சாவியைக் குடுங்க சித்தப்பா."

இன்னும் ஒன்று விழுந்தது. அண்ணன் சொன்னது சத்தியம் என்று எனக்கு மட்டும் தெரியும். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் எல்லோருக்கும் ஊற்றி முடித்தேன்.

இரண்டு நாள் இதே கூத்து. நேற்று மாலை சோரோன்பாய் பெரியப்பா வந்து நடுவில் உட்கார்ந்தார்.

"வண்டி வந்தன்னிக்கு என்னடா அறுத்தீங்க?"

"ஆட்டுக்குட்டிண்ணே."

"ஏழு பேர் உக்கார்ற வண்டிக்கு ஒரு குட்டியா? கேட்டா மனுஷனுக்கே கோவம் வருது, ஆறு பொறுக்குமா? குதிரையில்ல குடுத்திருக்கணும்!"

கம்பெனி மேல் பழி இல்லை, டிரைவர் மேலும் இல்லை. பழி முழுக்க அந்தக் குட்டியின் மேல் விழுந்தது. எர்கினே தொடையைத் தட்டினார். "எங்கம்மாவும் இதையேதான் சொல்வாங்க. நீங்க குதிரையக் குடுத்து துவா பண்ணிட்டீங்கன்னா, நான் எஞ்சின் கோளாறுன்னே எழுதிக் குடுத்துடறேன். பிள்ளகுட்டிக்காரன், எனக்கெதுக்கு ஆத்தோட பகை?"

அப்பாவும் அண்ணனும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "குதிரைக் குடல்ல கறி அடைக்கத் தெரியுமில்ல, பெகாயிம்?"

நானும் சிரித்தேன். நிற்கவே இல்லை. பிள்ளைக்கு எவ்வளவு சந்தோஷம் என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் வாரண்டி போய்விடும். புது எஞ்சினுக்காக அப்பா கஷ்காவைச் சந்தைக்கு ஓட்டுவார். சொல்லாவிட்டால் விடிந்ததும் கத்தி. ஒரே ஒரு வழிதான் மிச்சம். கம்பெனியின் சொந்த ஜீப்பே வழியில் நின்றுவிட்டால்? கோளாறு வண்டியில்தான் என்று எர்கினே ஒத்துக்கொள்வார். பிறகு குதிரை எதற்கு? அதனால் அதே கம்பளித் துண்டை அவர் வண்டிக் குழாயில் திணித்துவிட்டேன். இந்த முறை இன்னும் உள்ளே தள்ளினேன்.

மோல்தோ வீட்டுக்கு ஆற்றைத் தவிர வேறு பாதை கிடையாது. அது தெரிந்துதான் செய்தேன். ராத்திரி மேலே மலையில் மழை கொட்டியது. ஆறு போடும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. தனக்கு நீச்சல் தெரியாது என்று எர்கின் சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தார். மெதேர் அண்ணனுக்கும் தெரியாது. அதெல்லாம் சின்ன விஷயம். இழுத்துப்போடக் கஷ்கா இருக்கிறது. அது இழுப்பதை எல்லோரும் இன்னொரு முறை பார்த்தால் நல்லதுதான்.

எர்கின் ஏறிக் கதவை மூடும் சத்தம் கேட்கிறது. அண்ணன் சாவியைத் திருகிவிட்டான். வண்டி கிளம்பிவிட்டது, ஆற்றுப் பக்கம்தான். அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையசைக்கிறார். நான் தொப்பியை இன்னும் கெட்டியாகக் கடித்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை.

இதுவும் ஆற்றில் நின்றால், பெரியப்பா இதற்கும் ஒரு குதிரை கேட்பாரோ?