நூத்தியெட்டுல நிக்கிற நெத்தி

ஐயோ, வாசல்லயே நின்னு முறைக்காதீங்க சார், உள்ள வாங்க. தெரியும், தெரியும். மறுபடியும் என் ப்ரோக்ராமைத் திருப்பி அனுப்பிட்டீங்க. அதுக்காகச் செக்கிங் ரூமை விட்டுட்டு, இத்தனை மாடி ஏறி இந்த எடிட் ரூமுக்கு வந்து மூச்சு வாங்கணுமா?

எங்க, காட்டுங்க. ம்... ஆமா. மீட்டர்ல வெளிச்சம் நூறுக்குள்ள இருக்கணும், நம்மாளு நெத்தி நூத்தியெட்டுல நிக்குது. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க? க்விஸ் நடத்துறவருக்கு நாலு முடி இருந்திருந்தா எனக்கு இந்தப் பாடு உண்டா? மேக்கப் அம்மாவும் டப்பா டப்பாவா பவுடரை அப்பித்தான் பாத்தாங்க. லைட்டு பட்டதும் மண்டை மறுபடி பளபளங்குது.

அவர் போட்டிருக்கிற சிவப்புக் கோட்டா? அதையும் பாத்தேன். சிவப்பு அளவுக்கு மீறி ஏறிக் கிடக்கு. இப்படியே ஒளிபரப்பினா வீட்டு டிவியில அந்தச் சிவப்பு தோளைத் தாண்டிக் கசியும், ஜனங்க டிவி கெட்டுப்போச்சுன்னு தலையில ரெண்டு தட்டு தட்டுவாங்க. டிவி தலையிலதான் சார். போன வாரம் நீங்களே சொன்னதுதானே? சிரிக்காதீங்க, நான் கவனமாத்தான் கேட்டேன்.

என் கண்ணுக்கு என்னவா? கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்கக்காவும் இதையேதான் கேக்கறா, இத்தனை வருஷமா எடிட் பண்றவளுக்கு வெளிச்சத்தைக் குறைக்கத் தெரியாதான்னு. அவ வாயைத் திறந்தா சத்தமே நூறைத் தாண்டும், அவ என்னைச் சொல்றா.

உக்காருங்களேன். ஆமா, திங்கக்கிழமையிலேர்ந்து செக்கிங்குக்கு மெஷின் வருதாமே? உங்களை லைவ் பக்கம் போடறாங்களாம்? வேற கட்டடமா? ஓ.

மெஷின் நல்லாத்தான் பண்ணும். தப்பு இருந்தா ஒரு மெயில் தட்டிவிடும், அவ்வளவுதான். படியேறி வந்து, என் நாற்காலிக்குப் பின்னாடி நின்னு, ஸ்கிரீன்ல விரல் படாம பேனா மூடியால காட்டி, கொஞ்சூண்டுதான் மேடம் தாண்டியிருக்குன்னு என் மனசு நோகாம சொல்லாது இல்ல?

என்ன அப்படிக் குனிஞ்சு பாக்கறீங்க? லிமிட்டரா? இருக்கே. இந்தக் கட்டத்துல ஒரு டிக் போட்டா நெத்தி, கோட்டு எல்லாம் தானா அளவுக்குள்ள அடங்கிடும். ஆமா, ஒரே ஒரு டிக்தான்.

ஏன் போடலையா? போட்டுத்தான் எடிட் பண்ணேன். உங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்த டிக்கை எடுத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். சரியா அனுப்பினா நீங்க கீழயே ஓகே பண்ணிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. உங்களைப் பாக்காத நாள்ல எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது சார், நான் என்ன பண்ணட்டும்?

சரி சரி, ஒரு நொடி வேலை, இப்பவே டிக்கைப் போட்டுடறேன்.

என்னது? இன்னிக்குப் போட வேணாமா? நாளைக்கும் இதைத் திருப்பி அனுப்பிட்டு, மாடி ஏறி வருவீங்களா?